முற்றிற்றுக்குப் பின் ஒரு தாள்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இன்று காலை பூசை முடித்துப் பாராயணப் புத்தகத்தைத் திறந்தபோது ஆற்றின் வாடை வந்தது. உள்ளே வைத்திருக்கும் தாளிலிருந்துதான். ஆடி அமாவாசையன்று படித்துறையில் நனைந்த தாள் அது. காய்ந்து மூன்று மாதமாகியும் தாமிரபரணியின் பாசி மணம் அதை விட்டுப் போகவில்லை. அதில் ஒரே ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது. உங்கள் பெயர்.

என் மகளைக் கைப்பிடித்த பின் வந்த பதினோரு ஆண்டுகளில் உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நம் வீடுகளின் வழக்கம் அது. எனக்கு நீங்கள் மாப்பிள்ளை, உங்களுக்கு நான் மாமா, அவளுக்கு நீங்கள் ‘அவிய’. வீட்டில் ஒலிக்காத அந்தப் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அதனால் நேர்ந்த பிழையைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது எனக்கும் தெரியாது.

எங்கள் வழிபாட்டுக் குழுவின் பட்டியல் எப்படிப் பிறந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று நீத்தாரின் பெயர்களைப் படித்துறையில் நின்று வாசிப்போம். பெயர் வந்ததும் அந்தக் குடும்பத்தார் ஒரு பூவை ஆற்றில் விடுவார்கள். எல்லாம் முடிந்ததும் சங்கு ஊதப்படும். தொடக்கத்தில் யார் வீட்டுப் பெயர் முதலில் வருவது என்று ஒவ்வோர் ஆண்டும் மனத்தாங்கல். அதற்காகத்தான் பெயர்களை அகரவரிசையில் வைத்தேன். “எழுத்து வரிசையில பெரிய வீடு, சின்ன வீடு கெடையாது” என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிந்தி வந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெயரைக் கூவிக் குழப்பம் செய்ததால், சங்கு ஊதிய பின் எந்தப் பெயரும் வாசிக்கப்படாது என்றும் விதித்தேன். இரண்டு விதியும் நான் போட்டவை.

பெயர்கள் நானூறைத் தாண்டியபோது கையால் அடுக்க என்னால் இயலவில்லை. நீங்கள் கணிப்பொறியில் ஏற்றித் தருவதாகச் சொன்னீர்கள். வண்ணார்பேட்டையில் உங்கள் வீட்டு மாடியறையில், பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, முதல் அச்சுத் தாளை என் கையில் கொடுத்தீர்கள். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அப்பாத்துரைக்கு முன்னால் அன்னம்மாள் நின்றாள். அவ்வையாருக்கு முன்னால் அழகம்மை. அம்மையப்பன் எங்கோ பின்னால், அமுதவல்லிக்கும் அப்பால்.

“என்ன மாப்பிள்ளை, உங்க மெசினு எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?”

“அதுக்குப் பள்ளிக்கூடமே கெடையாது மாமா. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுத்து வச்சிருக்காவ. ரெண்டு பேரைப் பக்கத்துல வச்சா, எந்த நம்பர் சின்னதுன்னு மட்டுந்தான் பாக்கும். னகரத்துக்கு நகரத்தை ஒட்டி நம்பர் குடுத்துட்டாவ. ழகரத்துக்குப் பொறகுதான் வகரமே.”

“யாரு குடுத்தா?”

“அவங்க இப்ப கையில கெடைக்க மாட்டாவ. நீங்க நம்ம வரிசையைச் சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன். இனிமே நீங்க சொல்லுததைத்தான் அது கேக்கும்.”

அன்று முழுவதும் நான் சொன்னேன், நீங்கள் எழுதினீர்கள். உயிர் முதலில், பின்பு ஆய்தம், பின்பு மெய். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும். யகர ரகர லகர வகரத்துக்குப் பின் ழகர ளகர றகர னகரம். வாழ்நாளெல்லாம் பாட்டும் உரையுமாகக் கழித்த எனக்கு, ஓர் இயந்திரத்துக்கு அரிச்சுவடி சொல்லும் பேறு கிடைத்ததென்று உள்ளம் குளிர்ந்தது. னகரத்தில் வந்து நின்றேன்.

“ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் எங்க வைக்கட்டும் மாமா?”

“அதுக்கு எடம் கெடையாது. வடவெழுத்துக்கு நம்ம நெடுங்கணக்குல என்ன சோலி? பட்டியல்ல அந்த எழுத்தே வராது. வார பேரையெல்லாம் நான் தமிழாக்கித்தான எழுதுதேன்.”

“தப்பித் தவறி வந்தா? தூக்கிப் போட்டுரச் சொல்லட்டுமா?”

“போட்டுருங்க.”

நீங்கள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள். “வேண்டாம் மாமா. ஒரு மனுசன் பேரைத் தூக்கிப் போடக் கூடாது. ‘வரிசை முற்றிற்று’ன்னு கோடு போட்டுட்டு, அதுக்கு அடுத்த தாள்ல நிப்பாட்டுதேன்.”

“நிப்பாட்டுங்க. யாரு வரப் போறா?”

“நான் வருவேன்லா” என்று சிரித்தீர்கள். “கடைசியில நின்னாலும் நிக்கேன்லா மாமா.”

“வாயைக் கழுவுங்க மாப்பிள்ளை” என்று அதட்டினேன். அமங்கலமாகப் பேசியதற்காகத்தான் அதட்டினேன். உங்கள் பெயரின் முதலெழுத்தைத்தான் சொல்கிறீர்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அடிமுடி காணாத சோதியை நாள்தோறும் பாடுகிற நாவு, ஓரெழுத்துக்கு இடமில்லை என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டது.

அதன்பின் ஐந்து ஆடிகள் உங்கள் வரிசை பிழைபடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கடைசியில் ஒரு வெற்றுத் தாள் வரும். அந்தக் கோட்டைக் கண்டதும் தாள்கட்டை மூடிவிடுவேன். அந்தத் தாளைப் புரட்டுவதே இல்லை.

பங்குனியில் நீங்கள் போனீர்கள். அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆடி வந்தபோது பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க எனக்குக் கை எழவில்லை. மகள்தான் வீட்டுக் கணிப்பொறியைத் திறந்து, நீங்கள் கையெழுத்திடும் அதே எழுத்துகளில் ஏற்றினாள். அச்சாகி வந்த கட்டை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தப் பெயர் வரும் இடத்தைப் படித்துறையில் ஒரு முறை கடந்தால் போதும் என்று அஞ்சினேன்.

படித்துறையில் வாசித்தேன். ஒவ்வொரு தாள் முடியும்போதும், அடுத்ததில் உங்கள் பெயர் இருக்கும் என்று நினைத்தே புரட்டினேன். மகள் இடுப்பளவு நீரில், கையில் அரளிப்பூவுடன் என் முகத்தையே பார்த்து நின்றாள். சகரம் போயிற்று, மகரம் போயிற்று, வகரமும் போயிற்று. எங்கோ கண் தவறி விட்டுவிட்டேன் போலும் என்று குழம்பிக்கொண்டே கோட்டுக்கு வந்துவிட்டேன். “வரிசை முற்றிற்று” என்றது வாய், பழக்கத்தால். சங்கு முழங்கிற்று.

“அப்பா, அவிய பேரு வரலியே” என்றாள்.

அப்போதுதான் தாளைப் புரட்டினேன். வெள்ளைத் தாளின் நடுவே நீங்கள் தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள்.

பக்கத்தில் நின்ற ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி எட்டிப் பார்த்தார். “ஒரு பேருதானவே, சொல்லிரும். யாரு என்ன சொல்லப் போறா?”

மேல்படியிலிருந்து ஓர் அம்மாள் கேட்டாள். “போன வருசம் எங்க அத்தை பேரை விட்டுட்டியன்னு ஓடியாந்தேன். சங்கு ஊதியாச்சு, அடுத்த ஆடிக்குப் பாப்போம்னிய. உங்க வீட்டுக்குன்னா சட்டம் வேறயா அண்ணாச்சி?”

அவள் கேட்டதில் தவறில்லை. அவளை அழ அழத் திருப்பி அனுப்பியவன் நான். வாயைத் திறந்தேன். எத்தனையோ நூறு பாடல்கள் தங்கிய நாவில் உங்கள் பெயர் எழும்பவில்லை. பதினோரு ஆண்டு சொல்லாத பெயர் அந்தக் கணத்தில் எப்படி வரும்? என் மகளும் சொல்லவில்லை. கணவன் பெயரைக் கூட்டத்தில் உரக்கச் சொல்லி அவளுக்கும் பழக்கமில்லை. கூட்டம் முழுக்குப் போட இறங்கிற்று. யாரோ இடித்ததில் தாள் நழுவி நீரில் விழுந்தது. அவள்தான் குனிந்து எடுத்தாள். அரளிப்பூவை விடாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

அடுத்த வாரமே கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு, அச்சடித்துத் தரும் கடைக்குப் போனேன். “னகரத்துக்குப் பின்னால அந்த எழுத்துகளுக்கு எடம் குடுத்துரு தம்பி” என்றேன். நானே என் வாயால் சொன்னேன்.

கடைக்காரர் நெடுநேரம் தட்டிப் பார்த்தார். “புரோகிராம் ஓடுது அண்ணாச்சி. ஆனா உள்ள கை வைக்க முடியாது. உங்க மருமகன் எழுதின மூலப்பிரதி வேணும். அது அவுக ஆபீசு லேப்டாப்புல இருந்திருக்கும்.”

அந்த மடிக்கணினியைப் பத்தாம் நாளன்றே அலுவலகத்தார் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். கேட்டு எழுதினோம். எல்லாம் அழித்தாயிற்று என்று மரியாதையாகப் பதில் வந்தது.

“பேசாம மருமகன் பேரைச் சகரத்துல எழுதிருங்க. தானா மேல வந்துரும்” என்று கடைக்காரர் வழி சொன்னார். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. “அது வேற யாரோப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக, நான் சொன்னதை அந்த இயந்திரம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்று சொன்னதை. இன்று சொல்வதைக் கேட்க அதற்கு வழியில்லை. கேட்கவைக்க நீங்கள் இல்லை. அடுத்த ஆடியில் பேனாவால் எழுதிச் சேர்த்து, சங்குக்கு முன் வாசித்துவிடுவேன், எனக்கு ஆயுள் இருந்தால். இந்த ஆடியிலும் விட்டுப்போயிருந்த அந்த அம்மாளின் அத்தை பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் முதல் ஆடி போனது போனதுதான். அவள் நீரில் நின்ற நிற்பை எந்த வரிசையில் கொண்டுபோய் வைப்பேன்?

பூசையறையில் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பழகுகிறேன். முதலெழுத்தில் நாக்கு இன்னும் இடறுகிறது. மற்றபடி, என்னிடம் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. எந்த நூலை வாசித்தாலும் முற்றிற்று என்ற சொல்லைக் கண்டதும் மூட முடிவதில்லை. கை தானாக அடுத்த தாளைப் புரட்டுகிறது. பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. இருந்தும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன், மாப்பிள்ளை.