ஜெர்மன் கீபோர்டே வாங்கு, தாயி

அன்பு மகள் சுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்தக் குளிரில் நீ சளி பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பாவோடு வேலை பார்த்த சிவராஜ் அண்ணன் மகள் பிரவீனா உன் ஊருக்கே படிக்க வருகிறாள் அல்லவா, அவள் கையில் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியிலேயே போனை அப்பா கையில் கொடுத்துவிடுவேன், அங்கே நீ பதறுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் யோசனை கேட்டாயே, புது லேப்டாப் வாங்கணும், கடையில் இருப்பதெல்லாம் ஜெர்மன் கீபோர்டு, ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருக்கு, நம்ம ஊர் மாதிரி வேணும்னா சொல்லி வரவழைக்கணும், எதை வாங்கட்டும் என்று. அப்பா யோசிக்கவே இல்லை, "நம்ம ஊர் மாதிரியே வாங்கு தாயி, திரும்பி வந்தா இங்க உதவும்ல" என்றார். நீ "சரிப்பா" என்ற சத்தம் சரியில்லை. அன்றிலிருந்து எனக்கு உன் முதல் லேப்டாப் ஞாபகமாகவே இருக்கிறது. நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அப்பா பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழையது ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் பிரான்ஸ்காரர் யாரோ வைத்திருந்தது, ஏ என்று போட்ட பட்டனைத் தட்டினால் க்யூ விழுந்தது. நீ அழுதாய். அப்பா ஷிப்டு முடிந்த கையோடு மறுபடி பெங்களூரு போனார், கீபோர்டு மாற்ற ஒரு மாசம் ஆகும் என்றுவிட்டான் கடைக்காரன். உனக்கோ திங்கட்கிழமை காலேஜில் ஏதோ எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம், நான் வெள்ளை ஸ்டிக்கரைப் பொடிப்பொடியாக வெட்ட, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத, நீ ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒட்டினாய். பக்கத்து வீட்டு முனிலட்சுமி எட்டிப் பார்த்து, "ஏனுக்கா, எல்லாத்துக்கும் பொட்டு வெச்ச மாதிரி இருக்குது" என்று சொல்ல, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த நீயும் சிரித்துவிட்டாய். வெயில் காலத்துக்குள் விரல் வேர்வையில் எழுத்தெல்லாம் அழிந்துபோனது, புதிதாக எழுதித் தரட்டுமா என்று அப்பா கேட்டதற்கு, "வேண்டாம்ப்பா, கைக்குத் தெரியும்" என்றாய். நீ தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எத்தனை சாயங்காலம் சப்பாத்தி தேய்த்திருப்பேன். இப்போது டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தேய்க்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்கு ஒய்யும் இசட்டும் இடம் மாறினால் ஒரு வாரத்தில் பழகிவிடும், அதற்கா நீ அப்பாவிடம் யோசனை கேட்பாய் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தங்க இடம் விசாரிக்க உன்னோடு பேசிய பிரவீனாதான் நேற்று முன்தினம் வாய் தவறிச் சொன்னாள், இரண்டு வருஷ வேலைக்கு என்று போன உன்னை உன் ஆபீசில் அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று. நானும் அப்படித்தான் வந்தேன். கோவில்பட்டியிலிருந்து அப்பா என்னை ஓசூருக்குக் கூட்டிவந்தபோது இரண்டே வருஷம் என்றுதான் சொன்னார். நாளைக்கே கிளம்பப் போகிறவள் மாதிரி, பீரோகூட வாங்காமல் ட்ரங்குப் பெட்டியிலேயே துணி வைத்திருந்தேன். பக்கத்துப் பேரிகை கிராமத்திலிருந்து காய் கொண்டுவரும் அம்மா தெலுங்கில் பேசினால் விரலைக் காட்டி வாங்குவேன், ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. நீ கைக்குழந்தையாகக் காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒரு நாள், அப்பா கம்பெனியில், யாரிடம் என்ன சொல்லி உதவி கேட்பது என்று தெரியாமல் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அதுவரை நான் முகம் கொடுத்துப் பேசாத முனிலட்சுமிதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பும்போது, "எப்ப பாரு ஊருக்குப் போறேன் போறேன்ங்கறீங்க, இருக்கிற வரைக்கும் இங்க இருங்கக்கா" என்றாள். அந்த மாதமே பீரோ வந்தது, அவளிடம் கேட்டுக் கேட்டுத் தெலுங்கும் வந்தது. அதற்கு முன்னால் ஓசூரில் கழித்த வருஷங்களில் இங்கே என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை சுப்ரியா. நீயும் அப்படி இருந்துவிடாதே. அங்கே இருக்க மனசு இருந்தால் இரு, அந்த ஊர் கீபோர்டே வாங்கு.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நேரே மாடிக்குப் போனார். நீ வந்தால் இருக்கட்டும் என்று கட்டிய அறையை வெகுநேரம் கூட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, "மேல ரூம் சும்மாதான கெடக்கு, கம்பெனில புதுசா சேந்த பயலுகளுக்கு வாடகைக்கு விட்ருவமா" என்றார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒன்றாம் தேதி வருகிறார்கள். நீ வரும்போது கீழே என் பக்கத்தில் படுத்துக்கொள், அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.

பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே. மனசில் ஒன்று இருந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேள், நாங்கள் தாங்குவோம். எந்த ஊரில் இருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, நல்ல மனுஷர்கள் நடுவில் நீ வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா வீரலட்சுமி,
ஓசூர்.

அப்பா எழுதட்டும் என்று இங்கே இடம் விட்டுப் பேனாவைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "நல்லா இருக்கச் சொல்லு" என்று திருப்பித் தந்துவிட்டார்.