அத்தானைக் கூப்பிடாத மூன்று சனிக்கிழமைகள்

அன்பின் மலர் அக்காவுக்கு,

நீங்கள் தொடங்கிய கறிச் சாப்பாட்டுக் கூட்டம் நிற்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கடை, எங்கள் வில்லரே பகுதி அயலவர் பத்துப் பேர் ஒரே மேசையில். நீங்கள் போன பிறகு கூப்பிடும் வேலை என் தலையில் விழுந்தது. உங்களைப் போலவே அதற்கு முந்தின புதன்கிழமைகளில் ஒவ்வொருவருக்கும் போன் எடுக்கிறேன். நம் வெள்ளைக்காரி லூயிஸ் இப்போதும் உறைப்பைக் கூட்டச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள்.

ஆனால் அக்கா, உங்கள் வீட்டுக்காரரை நான் கூப்பிடவில்லை. செத்த வீடு, ஆண்டுத் திவசம் முடியவில்லை, ஆட்டுக்கறி சாப்பிட வாருங்கள் என்று அத்தானை எப்படிக் கேட்பது? நம் ஆட்கள் எல்லோரும் அதுதான் முறை என்றார்கள். லூயிஸ் மட்டும், "அவரைக் கேட்டீர்களா?" என்றாள். எங்கள் வழக்கம் உனக்கு விளங்காது என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். என் பெரியமனுஷித்தனம் உங்களுக்குத் தெரியும்தானே.

போன மாதம் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் அத்தானைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார்.

"சாப்பாடெல்லாம் நடக்குதோ பிள்ளை?"

"ஓம் அத்தான்."

"மூண்டு சனிக்கிழமையும் உடுப்பு மாத்திக்கொண்டு போனுக்குப் பக்கத்திலை இருந்தனான்."

திவசம், செத்த வீட்டுத் துடக்கு என்று ஏதோ உளறினேன்.

"அதுக்கென்ன, நான் மரக்கறி சாப்பிடுவன். உங்களோடை இருந்து சாப்பிட ஏலாதோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவரை வீட்டுக்குள் தனியே விட்டிருக்கிறோம். நீங்கள் இருந்தால் என்னை எப்படி ஏசியிருப்பீர்கள்?

அந்தப் புதன்கிழமையே போன் எடுத்தேன். சனிக்கிழமை கோட்-டெ-நெய்ஜ் தெருக் கடைக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னரே வந்து வாசலில் நின்றார். உள்ளே போனதும் நான் ஒரு கதிரையில் என் பையை வைத்தேன். உங்களுக்காக மாதாமாதம் அப்படி ஒன்றை விட்டுவைப்போம்.

"இது ஆருக்கு?" என்றார்.

"அக்காவுக்கு."

பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அவவுக்கு இனிப் பசிக்காது பிள்ளை. எனக்குப் பசிக்குது," என்று சொல்லி உட்கார்ந்தார்.

கோபிக்காதீர்கள் அக்கா, இனி உங்களுக்குக் கதிரை வைக்கமாட்டோம். புதன்கிழமைகளில் என் முதல் போன் அத்தானுக்குத்தான். இது சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
வதனி