மேனுஜாவின் வகுப்பில் நிறுத்திய நாவல்

ஹேர்னிங், டென்மார்க்

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் நோ குறைந்ததா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மேனுஜாவின் ரீச்சர் கூப்பிட்டபோது, ஏதோ கோயில் மாதிரி அறைவாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

கறுப்பு அடிமைகளைப் பற்றிய பழைய நாவலை வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். “அதில கறுப்பரை ஏசுற சொல் ஒண்டு இருக்கு, உங்கட மகளின்ர மனம் நோகக்கூடாது” என்றார் ரீச்சர். உங்கள் பேத்தியோ அந்த அடிமைப் பெண் தப்பினாளா என்று தெரியாமல் கொதித்துப்போய் இருக்கிறாள்.

“அதில இருக்கிற அதே கெட்ட சொல்லால இவளைக் கூப்பிடுற பெடியளை வகுப்பில வைச்சுக்கொண்டு, புத்தகத்தையோ வெளியில அனுப்புறியள்?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்கள் வாய்தானே எனக்கும்!

மிளகாய்த்தூள் அனுப்புங்கள். போனில் உங்கள் குரலையும் பதிந்து அனுப்புங்கள். நான் தமிழில் கேட்டாலும் இவள் டேனிஷில்தான் பதில் சொல்கிறாள்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் தவமணி

பி.கு.: சப்பாத்து இன்னும் அந்த அறைவாசலில்தான் இருக்கிறது. பனிக்குள் காலுறையோடு வீடு வந்தேன்.