பின் ஆக்ஸிலில் நீங்கள் அடித்த பெயர்

என் அன்பு மதியப்பாவுக்கு,

செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்கில்லை. வருஷா வருஷம் உங்கள் நாளில் படத்துக்கு மாலை போட்டு, வடை பாயசம் வைத்து, "சாப்பிடுங்க" என்று சொல்வதோடு சரி. இந்த வாரம் அது போதவில்லை. ஒரு முடிவு எடுக்கவேண்டியிருக்கிறது, எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுதினால்தான் மறுபடி மூடி வைக்கமாட்டேன் என்று தோன்றியது, அதனால்தான் இப்படி.

நீங்கள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கடற்கரைச் சாலையை அகலப்படுத்தி டோல் கேட் போட்டுவிட்டார்கள், தெரியுமா? காசு கொடுத்துத்தான் போகவேண்டும். உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும், குழியே இல்லை.

வாரத்தில் ஆறு நாள் கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸை நாற்பதுக்கு மேல் மிதிக்காமல் ஓட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தச் சிவப்பு வண்டி. துறைமுகத்தில் யாரும் சீந்தாமல் கிடந்து ஏலத்துக்கு வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். உங்களோடு பள்ளிக்கூடம் படித்த ஏழுமலை, செங்கல்பட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர், எங்கிருந்தோ ஒரு எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்து அதில் மாட்டினார். எஞ்சினுக்கு யானை பலம். பின்சக்கரங்களைச் சுழற்றுகிற இரண்டு ஆக்ஸில் தண்டும் மட்டும் பழைய எஞ்சினுக்கு ஏற்றவை. மூன்று தடவை, சக்கரத்துப் பக்கம் இல்லாமல், உள்முனையில் முறிந்தது. மூன்று தடவையும் வண்டி சும்மா நின்றுபோனது, அவ்வளவுதான். மாமல்லபுரம் தாண்டி ஒரு தடவை நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். நல்ல ஆள்!

அப்புறம்தான் புது ஆக்ஸில். ஏழுமலை பருமனான நல்ல எஃகுத் தண்டாக வாங்கி, ஒரு மாதம் லேத்தில் கடைந்து, சென்னைக்கு அனுப்பிச் சூடேற்றிப் பதம் போட்டு வாங்கிவந்தார். எனக்கு ஆபீசில் உலோகத்தில் விரிசல் தேடுவதுதான் வேலை என்பதால், இரண்டையும் தூக்கிக்கொண்டுவந்து சமையற்கட்டுத் தரையில் கிடத்தினீர்கள். பாஸ் போடச் சொன்னீர்கள். ஆபீஸ் சாமானைத் தொடமாட்டேன் என்று சொல்லி, பாரிமுனையில் சொந்தமாக வாங்கி வைத்திருந்த மருந்தை எடுத்தேன். முதலில் சிவப்புச் சாயம் பூசவேண்டும். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடிக்கவேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே போன சாயம் வெளியே கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு வரவில்லை. சக்கரம் மாட்டுகிற தட்டுக்குப் பக்கத்தில், தண்டின் கழுத்தில், நம் பெண் மதியின் பெயர் வந்தது. இங்கிலீஷில், ஐந்து எழுத்து. பதம் போடப் போவதற்கு முன்பே, ஏழுமலையிடம் இரும்பில் எழுத்துப் பதிக்கிற அச்சுகளை வாங்கிச் சுத்தியலால் நீங்களே அடித்திருக்கிறீர்கள். இரண்டு தண்டிலும்.

"ஊர்ல ஓடற ஆட்டோ, லாரி எல்லாத்துலயும் புள்ளைங்க பேர் கீது. ஆபீஸ் பஸ்ல எழுதினா மெமோ குடுப்பான். என் வண்டில நான் எழுதிக்கினேன், இன்னா தப்பு?" என்றீர்கள்.

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும் மதியப்பா. பாரம் தாங்குகிற தண்டின் கழுத்தில் கூர்மையாக ஒரு பள்ளம் இருக்கக்கூடாது. விரிசல் அங்கேதான் பிறக்கும். போதாக்குறைக்கு அந்தப் பள்ளத்தில் சாயம் தேங்கி எப்போதும் சிவப்பாகவே கசியும். பக்கத்தில் விரிசல் வந்தாலும் அது மறைத்துவிடும். ஆபீசில் இப்படி ஒரு சாமான் வந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருப்பேன். வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். மதி வந்து குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் சிரித்தேன். "பாஸ்" என்று சொன்னேன்.

எட்டு மாதம் நீங்கள் ஓட்டினீர்கள். நடுவில் இரண்டு தடவை கழற்றிப் பார்த்தேன். இரண்டு தடவையும் பெயர் சிவப்பாக வந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. கடப்பாக்கம் பக்கம் நேர்ச்சாலையில் இடது பின்சக்கரம் தனியாகக் கழன்று ஓட, வண்டி புளியமரத்தில் போய் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் ஏழுமலை முறிந்த ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். வாசற்படியை விட்டு உள்ளே வரவில்லை.

"எனுக்குத் தூக்கமே வர்ல அண்ணி. என் கையால கடஞ்ச சாமான்தான் அவன அட்ச்சிதா? நீங்க பாத்தா தெரியும். ஒரே ஒரு வாட்டி பாத்து சொல்லிடுங்க."

அவர் போன பிறகு பால்கனியில் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. முறிந்த பரப்பில், அலை ஒதுங்கின மணல் மாதிரி வரி வரியாக, விரிசல் நாள் கணக்கில் வளர்ந்த தடம் இருந்தது. வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கின. பெயரின் முதல் எழுத்தான 'எம்'மில், நடுவில் கீழே இறங்குகிற கூர் முனையில். ஏழுமலை கடைந்ததில் ஒரு பழுதும் இல்லை. எஃகிலும் இல்லை.

அவரிடம் "ஒண்ணும் தெரியலண்ணா" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவர் ஊரில் நாலு பேரிடம் அழுவார், அது எட்டு வயசுப் பிள்ளை காதுக்கு வந்து சேரும். உன் பெயர்தான் உன் அப்பாவைக் கொன்றது என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்தால் அது எப்படி வளரும்? சொல்லுங்கள். சாக்கைப் பரணில் போட்டேன். ஏழுமலை அதற்கப்புறம் வண்டிச் சாமான் எதையும் லேத்தில் ஏற்றவில்லை. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் கம்பி வெட்டித்தான் பிழைக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவார். ஒரு நிரபராதியைப் பத்து வருஷமாக நான் ஜெயிலில் வைத்திருக்கிறேன்.

மதி இப்போது கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலில் இருக்கிறாள். வேறு படி என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாளா? அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தது. போன மாதம் ஏதோ ப்ராஜெக்டுக்கு ஏழுமலை பட்டறைக்குப் போயிருக்கிறாள். அவர் நம் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த, முறியாத வலது ஆக்ஸிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் போனில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கப்பா என் பேரை இரும்பில் எழுதியிருக்கார் என்று ஹாஸ்டல் முழுக்கக் காட்டியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போன். குரல் வேறாக இருந்தது. கூர்மையான பள்ளம் இருந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும் என்று வகுப்பில் நடத்தியிருக்கிறார்கள்.

"அம்மா, அந்த இன்னொண்ணு எந்த எடத்துல ஒடஞ்சிது?"

எனக்கு எப்படிடி தெரியும் என்றேன்.

"நீ பாக்காம இருந்திருக்க மாட்ட," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூன்று நாளாக இதே நினைப்பு. பொய் சொல்லலாம், அவள் பரணில் ஏறிப் பார்த்துவிடுவாள். கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்று சாக்கை இறக்கிக்கூடப் பார்த்தேன். வாசல் தாண்டிக் கொண்டுபோக மனசு வரவில்லை. உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஆசைக்கு ஒரு பேர் எழுதினீர்கள், உங்களைப் போய் என்ன சொல்ல? பெயரெழுத யாருக்கும் உரிமை உண்டு. பார்த்து, வேண்டாம், வேறு தண்டு செய்யுங்கள் என்று சொல்வதற்கு அந்த வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதி வருகிறாள். ஏழுமலை அண்ணனையும் சாப்பிட வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை உள்ளே வந்தே ஆகவேண்டும் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு பேருக்கும் முன்னால் ஆக்ஸிலை வைத்து, உடைந்த இடத்தைக் காட்டி, பாஸ் போட்டது நான்தான் என்று சொல்லப்போகிறேன். என் வாய்க்கு அன்றைக்குத் தைரியம் வருமா, எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து போய்விட்டால் எனக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள்மேல் சத்தியம். அவள் என்னைத் திட்டட்டும், என்னோடு பேசாமல்கூட இருக்கட்டும். தன் பேரைத் திட்டாமல் இருந்தால் எனக்கு அது போதும்.

என்றும் உங்கள்,
மதியம்மா