மன்னித்தேன் என்று சொன்ன பிறகு

மார்ச் 4

ஆண்டவர் காவலில் இருக்கும் என் அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நலம் என்று எழுத ஆசைதான். இந்தப் புது ஊரில் வீடு வசதியாக இருக்கிறது, தண்ணீர் நிற்காமல் வருகிறது, இவருக்கும் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்துவிட்டது. மனசு மட்டும் இன்னும் மூட்டை பிரிக்காமலே கிடக்கிறது.

போதகர் வீட்டம்மா போனில் சொன்னார்கள். போன ஞாயிறு சபை முன்னால் எழுந்து, உன் விரல்கள் போகக் காரணமானவரை மன்னித்துவிட்டேன் என்று சாட்சி சொன்னாயாமே! கேட்டதும் சமையலறையிலேயே முழங்கால் போட்டேன். இவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டுச் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மன்னித்தாய், சரி. அப்புறம் ஏன் என் போனை எடுப்பதில்லை? சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னதை உடன்பிறந்தவளிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

பதிலுக்குத் தவிக்கும்,
உன் தங்கச்சி

மார்ச் 15

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவைப் பிடிக்கப் பழகுகிறேன். போனில் பேசினால் ஒன்று அழுவேன், இல்லை கத்துவேன். காகிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

சாட்சி பொய்யில்லை. சொன்னபோது மெய்யாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கப் போனேன், சாவி கையில் நிற்கவில்லை. உடனே கோபம் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் மன்னிக்கிறேன். தலை பின்ன முடியாதபோது மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நடந்ததை நீ ஒருமுறை முழுசாகக் கேள். இங்கே அச்சகத்தில் காகிதம் வெட்டும் அந்த மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு சுவிட்சை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று உன் வீட்டுக்காரர் ஒரு சுவிட்சில் அட்டையை மடித்துச் சொருகி வைத்திருந்தார். நான் கத்திக்குக் கீழே காகிதக் கட்டை நேராக்கிக்கொண்டிருந்தேன். அவர் யாரிடமோ பேச்சுப் பராக்கில் மற்றதை அழுத்திவிட்டார்.

அது கைத்தவறு. யாருக்கும் வரும். ஆனால் நான் கையில் துணியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் முதல் வேலையாக அந்த அட்டையை உருவிப் பைக்குள் போட்டார். பிறகு முதலாளியிடம், "அவங்கதான் கவனிக்காம கையை விட்டாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் இதை உன்னிடம் சொன்னேன். "மயக்கத்துல பேசுறக்கா" என்றாய்.

போன வாரம் என் டிபன் டப்பாவை எடுத்துவர அங்கே போனேன். என் இடத்தில் ஒரு புதுப் பெண். சுவிட்சில் மறுபடியும் அட்டை! எடுங்கள் என்றேன். "உங்க கவனக்குறைவுக்கு மெஷின் என்னக்கா பண்ணும்?" என்று புது ஆபரேட்டர் சிரிக்கிறார்.

உன் வீட்டுக்காரரை வரச் சொல். என் காலில் விழ வேண்டாம். அங்கே நின்று உண்மையைச் சொன்னால் போதும்.

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

உன் மன்னிப்புக்கு வால் ரொம்ப நீளம். இங்கே விஷயம் தெரிந்தால் இவரை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? மன்னித்தவள் மறந்துவிட வேண்டாமா? ஆண்டவர் சிலுவையில் மன்னித்தபோது யாரிடமாவது வாக்குமூலம் கேட்டாரா?

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

தங்கச்சி

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் கேட்கவில்லைதான். அதற்காக, அடுத்தவனையும் இதே ஆணியில் அறையுங்கள் என்றும் சொல்லவில்லையே.

அவர் வந்தாலும் வராவிட்டாலும் நான் மன்னிக்கத்தான் போகிறேன். அது எனக்கும் ஆண்டவருக்கும் இடையே நடக்கும் வழக்கு. வரச் சொல்வது அந்தப் பெண்ணுக்காக. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கத்திக்குக் கீழே கையை விடுகிறாள். நான் சொன்னால் கேட்பாரில்லை. தன் தப்பை மறைக்கப் பேசுகிறாள் என்கிறார்கள்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைக்கிறேன். ஊசி பத்துத் தடவை நழுவினால் ஒரு தடவை நிற்கிறது. அது நிற்கும்போது நான் யார்மேலும் கோபமாக இல்லை என்பதைக் கவனித்தேன். உனக்குச் சொல்லத் தோன்றியது.

அக்கா

ஏப்ரல் 18

என் அக்காவுக்கு,

கடைசியில் இரண்டு கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். படித்தார். "அட்டை வச்சது நிஜமா?" என்றேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான்.

இத்தனை மாதம் நீ மயக்கத்தில் பேசினாய் என்று நம்பினேனா, அல்லது நம்புவது வசதியாக இருந்ததா? கேட்டுக் கேட்டு என்னையே பிய்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். போன் அணைந்திருக்கிறது. நீயும் எடுக்கவில்லை. அதனால் இதைக் கூரியரில் போடுகிறேன். அவர் அங்கே வந்தாரா? கோபப்படவா, பயப்படவா, ஒன்றும் புரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வாசலில் ஏதாவது சத்தம் கேட்கிறது, எழுந்து ஓடுகிறேன்.

உன் தங்கச்சி

ஏப்ரல் 21

என் தங்கச்சிக்கு,

உன் கூரியர் இப்போதுதான் கிடைத்தது. அவர் இங்கேதான் இருக்கிறார். பயப்படாதே.

நேற்று முன்தினம் என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். வழியெல்லாம் அவர் முன்னே, நான் பின்னே. மெஷினை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் கூடினார்கள். "அட்டையை வச்சது நான். அடிபட்டதும் எடுத்து ஒளிச்சதும் நான். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசினார். அதற்குள் அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை விட்டே நகர்ந்துவிட்டாள். புது ஆபரேட்டர் யார் முகத்தையும் பார்க்காமல் சுவிட்சிலிருந்த அட்டையை உருவிக் குப்பையில் போட்டார்.

வெளியே வந்து, "மன்னிச்சிருங்கக்கா" என்று என் பக்கம் வந்தார். "மன்னிச்சிட்டேன்" என்று வாய் சொல்லியது. உடம்போ ஓரடி பின்னால் போயிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டார். "பரவால்லக்கா. மெதுவா" என்றார். அப்போதுதான், விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் முன்னால் அழுதேன்.

எத்தனை தரம் மன்னிப்பது என்று சீடன் கேட்டதற்கு ஆண்டவர் ஏழெழுபது தரம் என்று பெரிய கணக்காகச் சொன்னாரே, அது அத்தனை குற்றங்களுக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரே குற்றத்துக்கே அத்தனை தரம் வேண்டியிருக்கிறது.

உன் வீட்டுக்காரர் போதகர் வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறார். உன் முகத்தில் விழிக்கப் பயப்படுகிறார். அவரை நீ மன்னிப்பது உன் வழக்கு, அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ அன்று ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் குத்துகிறது. அதையும் தினமும் ஆண்டவரிடம் கொண்டுபோகிறேன்.

கிளம்பி வா. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் பேசாமல் இருந்தால் கோபமோ என்று நினைப்பாய். கோபம்தான். ஆனால் எழுந்து போக மாட்டேன்.

உன் அக்கா