ட்ரையர் ஏன் சூடாகவில்லை, மச்சான்

என் அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய தேவன் மச்சானுக்கு,

உன்னை நாலு வார்த்தை ஏசாமல் எனக்கு இந்தக் கடிதம் ஓடாது. இப்படியாடா போவார்கள்? நெஞ்சு நோகிறது என்று ஒரு சொல், எனக்கு இல்லாவிட்டாலும் என் தங்கச்சி வதனிக்காவது சொல்லியிருக்கலாமே. மேல் வீட்டில் அவள் இருக்க, கீழே உன் லோண்டரிக்குள் ஒருவருக்கும் தெரியாமல் சரிந்துபோனாய். போனவன் துணி காயவைக்கிற அந்தக் கோதாரி விழுந்த காஸ் ட்ரையரையும் கையோடு கொண்டுபோயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதை விட்டுவிட்டுப் போய் என் உயிரை எடுக்கிறாய்.

லண்டன் பிளேஸ்டோவில் எல்லாம் நீ விட்டபடிதான். அதே குளிர், அதே மழை. ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஒலிம்பிக்குக்கென்று இடித்துத் தள்ளுகிறார்கள். அந்தச் சனம் வந்திறங்கினால் இன்னொரு கடை போடலாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, இந்த ஒரு கடையை வைத்திருக்கவே நான் படாத பாடு படுகிறேன்.

வதனி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். என்னத்தைச் சொல்ல? எழும்புகிறாள், சிந்துவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள், பிறகு கட்டிலில் ஏறி இருந்துவிடுகிறாள். கடைப்பக்கம் இறங்கவே மாட்டேன் என்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஓம் என்கிறாள். சட்டியைத் திறந்து பார்த்தால் நான் வைத்த சோறு அப்படியே கிடக்கிறது.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம் முடிந்த கையோடு நான் வேலை செய்கிற பெட்ரோல் செட்டில் லீவு சொல்லிவிட்டுக் கடையைத் திறந்தேன். திறக்காமல் என்ன செய்ய? கடைக்கும் மேல் வீட்டுக்கும் ஒரே வாடகை லீஸ். கடை போனால் தாயும் பிள்ளையும் இருக்கிற வீடும் போகும். கடையைத் தாங்கிப் பிடிப்பது வயதானவர்களைப் பார்க்கிற கெயார் ஹோம்காரரின் பெட்ஷீட்கள்தான் என்பது உனக்குத் தெரியாததல்ல. நீ இல்லாத நாட்களில் வேறு எங்கோ கொடுத்துச் சமாளித்தவர்கள், உன்மேல் இருந்த மரியாதைக்குத் திரும்பவும் எங்களிடம் அனுப்பினார்கள்.

முதல் நாளே மூட்டை மூட்டையாக வந்தது. கழுவி, பெரிய ட்ரையருக்குள் போட்டு, பொத்தானை அமத்தினேன். டிரம் சுற்றியது. அப்பாடா என்று ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், பெட்ஷீட் போட்டதிலும் பார்க்கக் குளிராக இருக்கிறது. டிரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை. பொதுச்சனத்துக்கு வைத்திருக்கிற கரண்ட் ட்ரையர்கள் இரண்டும் சின்னது, அதற்குள் எதைக் காயவைக்க? கறுப்புப் பைகளில் ஈரத்தோடு கட்டி, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேறொருவனுடைய லோண்டரிக்குப் போய் வரிசையில் நின்றேன். வெட்கக்கேடு.

பிறகு தொடங்கியது என் வைத்தியம். பஞ்சு பிடிக்கிற வலையைக் கழற்றினேன். அடைத்துத்தான் இருந்தது, உரித்து எடுத்தேன். சூடு வரவில்லை. காற்று வெளியே போகிற குழாயைச் சுவரோடு இருக்கிற முனையில் கழற்றிக் கையை விட்டேன். பஞ்சும் தூசும், யாரோ கிழவனுடைய ஒற்றைக் காலுறையும் வந்தது. மாட்டிவிட்டுப் போட்டேன். இல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லையோ என்று முழங்காலால் இடித்துச் சாத்தினேன். அதற்கும் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, திரும்பக் குத்தினேன். அந்த மெசினுக்கு முன்னால் நான் தோப்புக்கரணம் போடாத குறை.

"மாமா, ஜஸ்ட் பை எ நியூ ஒன்" என்றாள் சிந்து, பள்ளிக்கூடப் பையை இறக்காமலே. அப்பாவுடைய மெசினை எறிவதா என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவளும் பாவம், வீட்டில் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் திரிகிறாள்.

நீ என்ன செய்வாய் என்று யோசித்தேன். "காதைக் குடு மச்சான், அது என்ன சொல்லுது எண்டு கேள்" என்பாய். ஜெர்மனியில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய காலத்திலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். எனக்குக் கோப்பை கழுவத் தெரிந்தது, உனக்குக் கோப்பை கழுவுகிற மெசினோடு கதைக்கத் தெரிந்தது. சரியென்று நானும் தகரத்தில் காதை வைத்தேன். முதலில் காற்றாடி இரைகிறது. பிறகு டிக் டிக் என்று பொறி தட்டுகிறது. அதற்குப் பிறகு பூப் என்று நெருப்புப் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு ஓய்ந்துவிட்டது.

பொறி இருக்கிறது, காஸ் இல்லை. அந்த மட்டும் விளங்கிற்று. ஆனால் மேலே குசினியில் அடுப்பு எரிகிறதே, பிறகெப்படிக் காஸ் இல்லாமல் போகும்? மெசினுக்குள் இருக்கிற வால்வுதான் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அதில் கைவைக்க எனக்குச் சட்டமும் இல்லை, துணிவும் இல்லை. காஸ் எஞ்சினியருக்குப் போன் எடுத்தால் இரண்டு கிழமைக்கு ஆள் இல்லை என்றான். கெயார் ஹோம் மேனேஜர் நல்ல மனுசி, அன்பாகத்தான் சொன்னாள்: வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குப் பிறகு வேறு இடம் பார்க்கத்தான் வேண்டும், என்னை மன்னித்துக்கொள்.

அன்றைக்கு நான் அழுதேன் மச்சான். ஈரத் துணிகளுக்கு நடுவில், பட்டப்பகலில், ஐம்பது வயதைத் தாண்டிய மனிசன் குந்தியிருந்து அழுதேன். நீ விழுந்துகிடந்த இடத்தில் கால் வைக்க எனக்கு இன்னும் மனம் வருவதில்லை, சுற்றித்தான் நடக்கிறேன். அதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உன் குடும்பத்தைத் தெருவில் விடப்போகிறேனே என்று அழுதேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய். சிரித்துவிட்டு எழும்பி வந்து, என்ன ஏது என்று பார்த்திருப்பாய்.

வியாழக்கிழமை வந்தது. காற்றுக்குழாயின் மெசின் பக்கத்து முனையை இன்னும் பார்க்கவில்லையே என்று, இருக்கிற பலமெல்லாம் கொடுத்து அந்தப் பூதத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்தேன். பின்னால் கையை விட்டுத் தடவினால், தரையோடு தரையாக, காஸ் பைப்பில் ஒரு குட்டித் திருகி. பிடி பைப்புக்கு நேராக இருக்க வேண்டியது, குறுக்கே நின்றது. பூட்டிக் கிடக்கிறது! அப்படி ஒன்று அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. திருப்பினேன். பொத்தானை அமத்தினேன். டிக் டிக். பூப்.

நீ கேட்டிருக்க வேண்டும் அந்தச் சத்தத்தை. கைகொட்டிச் சிரித்தேன். நாசமாய்ப் போனவனே, இதற்காடா இவ்வளவு நாள் என்று மெசினைக் கட்டிப்பிடித்து ஏசினேன். கதவுக் கண்ணாடி மெல்லச் சூடாகியது. கெயார் ஹோம் தப்பியது, கடை தப்பியது, வீடு தப்பியது. இதை முதலில் வதனிக்குச் சொல்ல வேண்டும் என்று படியில் தாவி ஏறினேன்.

அவள் கட்டிலில் இரண்டு காலையும் மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு இருந்தாள். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணை திறந்தனீங்கள்?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்தை, பிள்ளை?"

"நான்தான் அதைப் பூட்டினனான். அவரை விட்டிட்டு ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கே. அவசரமெண்டா பக்கத்தாலை கையை விட்டு இதைப் பூட்டு எண்டு அவர்தான் எனக்குக் காட்டித் தந்தவர்."

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று குசினி அடுப்பை அன்றைக்குப் பூட்டியது எனக்குத் தெரியும். சாப்பாடெல்லாம் அயல் வீடுகளிலிருந்துதான் வந்தது. உன்னை எரித்துவிட்டு வந்த பிறகு அடுப்பைத் திறந்தோம். அந்த நினைப்பில் இதையும் பூட்டிவிட்டு மறந்துபோனாளாக்கும் என்று நினைத்து, "அதுதான் எல்லாம் முடிஞ்சுதே அம்மா, இனித் திறக்கலாம்தானே" என்றேன்.

"மறக்கேல்லை அண்ணை." குரல் எழும்பவே இல்லை. "அது எரிஞ்சா இந்த அறை நிலம் சூடாகும். அவர் விழுந்த அண்டைக்கும் சூடாத்தான் இருந்தது. மெசின் ஓடுற சத்தம் கேட்டது, காலுக்குக் கீழை சூடு வந்தது. அவர் கீழை நிக்கிறார் எண்டு நினைச்சு நான் பாட்டுக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு இருந்தனான். கீழை அவர் செத்துக் கிடந்தவர். உடுப்பெடுக்க வந்த மனுசிதான் கண்டது. இப்பவும் சூடு வந்தவுடனை அவர் நிக்கிறார் எண்டுதான் நினைச்சன். இனி எத்தினை தரம் அண்ணை அவர் எனக்குச் சாகிறது?"

அவள் பக்கத்தில் போய் இருந்தேன். என் காலுறைக்குள்ளேயும் அந்தச் சூடு ஏறியது. நல்ல சூடு, மச்சான். மார்கழிக் குளிருக்கு இதமான சூடு. அதை நான் அவ்வளவு வெறுத்தேன்.

கீழே வந்து திருகியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. பூட்டினால் கடையும் வீடும் போகும். பூட்டாவிட்டால் என் தங்கச்சிக்கு விசர் பிடிக்கும். நீ சொல்லு, எதைச் செய்வது? உன்னிடம் கேட்கிறேன், உன்னிடம். பதில் சொல்ல வேண்டிய நீ போய்விட்டாய். நான் பூட்டவில்லை. பெட்ஷீட்கள் காய்ந்தன. மடித்து அனுப்பினேன். மேனேஜர் சந்தோசமாக நன்றி சொன்னாள்.

அறையை மாற்றிப் படு என்று சொல்லிப் பார்த்தேன். அவரோடு இருந்த அறையை விட்டுப் போக ஏலாது என்று ஒரே பிடி. என் வீட்டுக்கு வா என்றேன், அதற்கும் மாட்டாளாம். அந்தச் சூட்டுக்குப் பயந்துகொண்டு அந்தச் சூட்டுக்கு மேலேயே இருக்கிறாள். நான் என்ன செய்ய?

எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்கிறேன். மெசினைப் பற்றவைக்க முதல் படியடியில் வந்து நின்று கூப்பிடுகிறேன். "தங்கச்சி, நான் குலம் அண்ணை. நான்தான் கீழை நிக்கிறன்." அது ஓடி முடியும் மட்டும் இடைக்கிடை வந்து குரல் கொடுக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். முதல் சில நாட்கள் மேலிருந்து சத்தமே இல்லை. இன்றைக்குத்தான் பதில் வந்தது.

"ஓம் அண்ணை," என்றாள். "நீங்கள்தான். அவரில்லை."

மச்சான், நீ இல்லை என்பதை அவள் வாயாலேயே சொல்லவைத்த பாவியாகிவிட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: அந்த நெருப்பு எரிகிற நேரத்தில் கீழே நிற்பது யார் என்று தெரியாமல் உன் வதனியை இன்னொரு தரம் இருக்க விடமாட்டேன்.

படியடியிலிருந்து,
வதனியின் அண்ணன்,
உன் மச்சான் குலம்