இலைமேல் விரித்த கை

என் எதிர்ப் பந்திக்காரா, மச்சான் சின்னப்பையா,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். செத்தவனிடம் சுகம் விசாரிக்கும் முதல் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள். இதை நம்ம ஊர்ப் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்கு எழுதுவதை ஊரே படிக்கும். அதனால் சில சங்கதிகளை மூடித்தான் சொல்லவேண்டும். மிச்சத்தை நீயே எட்டிப் பார்த்துக்கொள். உயரமானவன்தானே.

ஏறிவிட்டேன்டா. பம்பாயில் கப்பல் ஏறி மூன்று வாரம் ஆகிறது. உல்லாசக் கப்பல். நம்ம கல்யாண மண்டபத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரில் விட்டால் எப்படியோ அப்படி. சாப்பாட்டு ஹாலில் நான் உதவி வெயிட்டர். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு டை. பார்த்தால் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன் என்பாய்.

உன் பேர் சின்னப்பையன், ஆள் ஆறடி. என் பேர் ஏழுமலை, வூடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பக்கத்தில் ஒரு மேடுகூடக் கிடையாது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் பிறந்தவன் நீ. "பேரை மாத்தி வெச்சிட்டாங்கடா நமக்கு" என்பாயே. இப்போது ஏழுமலை ஏழு கடல் தாண்டுகிறான். கதையில் வரும் கிளிதான் இன்னும் கண்ணில் படவில்லை.

கப்பல் ஆடினபோது மற்ற புதுப் பசங்க வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் வெள்ளிமலை பஸ்ஸின் ஜன்னல் வழியாக உங்க மலைக்கு நான் போட்ட உரம் வீண்போகவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் படிக்கிறவர்களுக்கும் தெரியவேண்டுமே. நாம் இரண்டு பேரும் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள். பந்தியில் ஒருத்தர் போதும் என்றதும் நிறுத்தினால் அது பரிமாறல் இல்லை, அவமானம். இன்னொரு கரண்டி வைத்தால்தான் கல்யாணக்காரருக்கு மரியாதை. இலைமேல் கையை விரித்து மறைத்தாலும் விடமாட்டோம். அதற்கென்று நீ ஒரு சாஸ்திரமே வைத்திருந்தாய். "விரல் சேந்து இருந்தா நெஜமாவே வேணாம். விரல் விரிஞ்சி இருந்தா வேணும், ஆனா வெக்கம்." கையில் ஒரு சொட்டு படாமல் விரல் இடுக்கில் ரசத்தை இறக்க உன்னை மிஞ்சிய ஆள் தாலுகாவிலேயே இல்லை. நம்மைப் பிரம்பால் வெளுத்த கணக்கு வாத்தியார் சங்கராபுரத்துக் கல்யாணத்துக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? எழுந்திருக்க முடியாதபடி பாயசமாக ஊற்றித் தள்ளினோம். "எவ்ளோ பாசம்டா உங்களுக்கு" என்று அவர் கண் கலங்கிவிட்டார். பழி வாங்கப் போய்ப் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரம் சாய்ந்து கிடந்த அந்த வாரம் தியாகதுருகத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளை வீட்டு ஜனத்தில் பாதி வந்து சேரவில்லை. ஆக்கின சோறு அண்டா அண்டாவாக ஆறிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா நம்மைக் கூப்பிட்டு, "கொட்ட மனசு வரலப்பா. ரோட்டுல பஸ் பஸ்ஸா ஜனம் பட்டினியா கெடக்குது. அவங்களுக்குப் போடுங்க" என்றார். அண்டாக்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். சாய்ந்த இரண்டு புளியமரத்துக்கு நடுவே தார் ரோட்டில் இலை போட்டோம்.

மறியலில் இருந்த எங்கண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா இது, நாங்க மறியல் பண்ணிக்கினு இருக்கோம், நீங்க விருந்து வெச்சிக்கினு இருக்கீங்க?"

நீ கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பந்தில உக்காந்தவன் எங்கண்ணா போவப் போறான்? இதுவும் மறியல்தான். நீயும் உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தான். காவலுக்கு வந்த ஏட்டு, "டூட்டில சாப்புடக் கூடாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டைத் தளர்த்தினார். அவருக்கும் அண்ணனுக்கும் முதுகோடு முதுகு, ஒரே வாளிச் சாம்பார்.

சேலம் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட ஆத்தூர்க்காரர் உட்கார்ந்ததும் அந்தப் பந்தியில்தான். கப்பலில் வெயிட்டர், லீவில் வந்திருந்தார். இலைமேல் கையை விரித்தார். நீ ரசத்தை இறக்கினாய். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேரையும் எங்க கப்பல்ல ஏத்தணும்டா. ரெண்டு எடம் சொல்லி வெக்கறேன்" என்று பம்பாய் ஏஜெண்டின் விலாசத்தைச் சொன்னார்.

பாஸ்போர்ட்டும் கப்பல் தாள்களும் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் உனக்குக் காமாலை. மலைக்கு வந்தேன். "மூஞ்செல்லாம் மஞ்சளா இருக்குதே, நலங்கு வெச்சிட்டாங்களா" என்றேன். சிரித்தாய். உங்கம்மா காய்ச்சிய சாமைக் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். இரண்டு வாய்க்குப் பிறகு கிண்ணத்தின்மேல் கையை வைத்தாய். பார்த்தேன். ஐந்து விரலும் சேர்ந்திருந்தன. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லு.

அந்த இரண்டு இடத்தில் ஒன்றில்தான் நான் நிற்கிறேன். நிலைப்பேனா என்பதுதான் இத்தனை நாளும் கேள்வியாக இருந்தது. முதல் பயணம் சோதனைக் காலம். ஏறின இரண்டாம் நாளே நான் கெடுத்துக்கொண்டேன்.

என் மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. அவித்த உருளைக்கிழங்கு கொண்டுபோனேன். "நோ, தேங்க்யூ" என்று தட்டின்மேல் கையை விரித்தார். விரல்கள் நன்றாகவே விரிந்திருந்தன மச்சான். உன் சாஸ்திரப்படி அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த அழைப்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கிழங்கை அழகாக இறக்கினேன். வெண்ணெய் மோதிரத்தில் வழிந்தது. அந்த அம்மா போட்ட சத்தம் எஞ்சின் ரூமுக்கே கேட்டிருக்கும்.

ஹெட் வெயிட்டர் டிகோஸ்டா கோவாக்காரர். பல வருஷம் தமிழ்ப் பசங்களோடு வேலை பார்த்ததில் தமிழ் பேசுவார். என்னைத் தனியே நிறுத்தினார்.

"உங்க ஊர்ல வேணாம்னா வேணும்னு அர்த்தமா?"

"ஆமாங்க சார். வேணும்ன்றவங்கதான் வேணாம்பாங்க."

"இங்க வேணாம்னா வேணாம். இன்னொரு புகார் வந்தா சிங்கப்பூர்ல எறக்கி விட்டுடுவேன்."

எதைப் பார்த்து இந்த வேலை கிடைத்ததோ, அதனாலேயே போகப் பார்த்தது. சிங்கப்பூரில் நான் இறங்கினால் உன்னையும் சேர்த்து இறக்கிவிட்ட மாதிரி. அதை டிகோஸ்டாவிடம் எப்படிச் சொல்ல?

நிறுத்தப் பழகினேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை தானாக முன்னால் போகும். இடது கையால் வலது மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன். "விலங்கு மாட்டி யாருடா கூட்டியாந்தது" என்று கூட வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பையன் கேட்டான். யாராவது போதும் என்றதும் நகர்ந்தால், வீடு தேடி வந்தவரைப் பட்டினியாக அனுப்பின மாதிரி இருக்கும். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். அதை விட்டால்தான் நீ வாங்கிக் கொடுத்த வேலை நிலைக்கும் என்றால், நான் எந்தப் பக்கம் போவது?

பினாங்கு தாண்டின அன்று மதியம் மீன் கொண்டுபோனேன். அதே அம்மா. என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றேன். அவருக்கு நம்பிக்கை வர நேரமாயிற்று. மெல்லக் கையை எடுத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இவ்வளவு என்று விரலால் அளவு காட்டினார். அரைத் துண்டு. அரைத் துண்டுதான் வைத்தேன். சாப்பிட்டு முடித்து இன்னொரு அரைத் துண்டு அவராகவே கேட்டார். நிறுத்தினால் கேட்பார்கள் என்பதே நமக்குத் தெரியாமல் போயிற்றே மச்சான். நம்ம பந்தியில் யாருக்குக் கேட்க இடம் கொடுத்தோம்? உன் சாஸ்திரம் தப்பில்லை. கடல் தாண்டாது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் நான் இறங்கவில்லை. டிகோஸ்டா என் சோதனைக் காலத் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஆத்தூர்க்காரன் ரெண்டு எடம் கேட்டான். ஒண்ணு இன்னும் காலிதான். பம்பாய் போனதும் ஆள் வேணும். உங்க ஊர்ல யாராவது இருக்கானா?" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன். ஊரில் இட ஒதுக்கீட்டுக்காக இன்னும் கூட்டமும் ஊர்வலமும் ஓயவில்லையாம். நான் இங்கே யாரையும் கேட்காமல் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். என் அறையில் மேல் படுக்கை காலி. மலைக்காரன், மேலேதான் படுப்பான் என்று அதில் என் துண்டைக்கூடப் போட்டதில்லை.

எங்கம்மா சொல்லச் சொல்ல அண்ணன் எழுதின கடுதாசி கொழும்பில் வந்திருந்தது. உன் தம்பி வெள்ளையன், பதினெட்டு முடிந்தவன், மலையை விட்டு இறங்கி நம்ம மண்டபத்தில் பந்திக்கு நிற்கிறானாம். "அவங்கண்ணனாட்டமே கை நீளுது, போதும்னா கேக்கறதில்ல" என்று அம்மா சொல்லியிருந்தது.

மறுநாள் டிகோஸ்டாவிடம் அவன் பேரைச் சொன்னேன்.

"நிறுத்தச் சொன்னா நிறுத்துவானா?"

"மாட்டான் சார். நான் நிறுத்த வெக்கறேன்."

உன்னைக் கேட்காமல் உன் இடத்தைக் கொடுத்துவிட்டேன். கோபமா? கோபம் என்றால் சொல்லு. எப்படிச் சொல்வாய் என்றுதான் தெரியவில்லை.

உங்கம்மாவுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவங்க. இன்னொன்றைத் தண்ணீர்மேல் அனுப்பச் சொல்லிக் கேட்கும் கடுதாசியை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதினேன். அவங்க வேணாம்னா வேணாம்தான். அந்தப் பேரை நானே போய் எடுத்துவிடுகிறேன். சரி என்றால், மேல் படுக்கையை என் கையால் விரித்துக் கொடுப்பேன். பயணம் முடிந்ததும் அவனைப் பம்பாயோடு விட்டுவிடாமல், கூடவே மலை ஏறி வந்து உங்கம்மா முன்னால் நிறுத்திவிட்டுத்தான் என் வூட்டுக்குப் போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உனக்கு மச்சான், உன் தம்பிக்கு அண்ணன்,
முறை இடித்தாலும் இரண்டையும் விடாத
ஏழுமலை